முத்தின் உற்பத்தியும் சித்திரத்தொடரின் பிரமாணமும்

விஞ்ஞான உண்மைகளைச் சித்திரங்களின் வாயிலாகப் பொதுமக்களுக்கு உணர்த்தும் முயற்சி அச்சுக்கலை பரவிய நாள்முதல் நடந்துவருவதே எனினும், கணினியிலும் கைப்பேசியிலும் இன்று வழங்கும் இணையச் சித்திரக்கதைகள் அம்முயற்சிக்குச் சேர்த்திருக்கும் புதிய ஆற்றல் யாது என்பது தனித்து ஆராயத்தக்கது. தனிச்சித்திரம் முடிவைக் காட்டுகிறது. சித்திரத்தொடரோ அம்முடிவை அடைந்த வழியையும் காட்டவல்லது. ஆதலின் விஞ்ஞானத்திற்கு உற்ற துணை பின்னதே என்பது இக்கட்டுரையின் துணிபு. இதனை நிறுவத் தூத்துக்குடிக் கரையின் முத்தே தக்க சான்றாகும்.

மன்னார் வளைகுடாவில் பார்கள் என வழங்கும் கடலடிப் பாறைத்திட்டுகளில் வளரும் சிப்பிக்குள் முத்து எங்ஙனம் உற்பத்தியாகிறது என்னும் வினாவுக்கு, சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளி என்று விடை கூறியது பண்டை நம்பிக்கை. உட்புகுந்த மணற்றுகள் என்று கூறுவது, படங்கள் பலவும் இன்றளவும் பரப்பிவரும் நவீன நம்பிக்கை. வளைகுடாவின் இலங்கைப் பகுதிப் பார்களை 1902இல் ஆராயப் புகுந்த பேராசிரியர் ஹெர்ட்மன், பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெலின் துணையோடு ஆய்வு நடத்தி, 1903 முதல் 1906 வரை லண்டன் ராயல் சொசைட்டியின் வாயிலாக ஐந்து பாகங்களாக வெளியிட்ட அறிக்கை, திருக்கை மீனிடம் முதிர்ச்சியடையும் நாடாப்புழுவின் இளம்பருவமே நல்முத்துக்குக் கருவாகிறது என்று நுண்ணிய சித்திரங்களோடு உரைத்தது. 1912இல் லிஸ்டர் ஜேம்ஸன் அக்கொள்கைக்கு ஆதாரம் போதாதென மறுத்தார். சித்திரம் எத்துணை நேர்த்தியாயினும், தான் காட்டும் பொருளின் நிச்சயம் எவ்வளவு என்பதைத் தானே சொல்லமாட்டாது என்பதற்கு இவ்வரலாறே சாட்சி.

சிப்பியின் உடலைப் போர்த்திருக்கும் மென்படலத்தின் புறச்செல்கள் இடம்பெயர்ந்து உட்திசுவில் புகுந்து, பெருகி, ஒரு பையாக அமைந்து, தம் இயல்பின்படியே கால்சியம் கார்பனேட் நுண்தகடுகளை அடுக்கடுக்காகச் சுரப்பதே முத்தின் பிறப்பு. இந்த ஞானத்தின் பயனாகவே, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி, சிப்பி ஓட்டில் கடைந்த மணியையும் மென்படலத்துண்டையும் உயிருள்ள சிப்பிக்குள் ஒருங்கே பதித்து, தூத்துக்குடியில் 1973ஆம் ஆண்டு உருண்டை முத்தை விளைவித்தார். மணியை மட்டும் இட்டால் முத்துப்பை உருவாவதில்லை. படலத்துண்டு சேர்ந்தாலே உருவாகும். மணற்றுகள் என்னும் விளக்கத்தின் குறையை இவ்வொப்பீடு ஒன்றே புலப்படுத்திவிடும்.

இவ்வொப்பீட்டைத் தனிப்படம் எங்ஙனம் உரைக்கும்? சித்திரத்தொடரோ முதற்கட்டத்தில் மழைத்துளியையும், அடுத்ததில் மணற்றுகளையும், பின்னர் ஹெர்ட்மனின் புழுவையும், ஜேம்ஸனின் ஐயத்தையும், இறுதியில் அழகர்சாமியின் சோதனையையும் வரிசையாக வைத்து, எக்கொள்கை எச்சான்றால் வீழ்ந்தது என்பதை வாசகனே காணச் செய்யும். நம் தருக்க நூலார் பிரத்தியட்சம், அநுமானம் எனப் பிரமாணங்களைப் பிரித்தனர். சித்திரத்தொடரில் கட்டங்கள் பிரத்தியட்சமாகவும், கட்டங்களுக்கு இடையேயுள்ள வெளி வாசகனின் அநுமானத்திற்கு விடப்பட்ட இடமாகவும் அமைகின்றன.

இணையம் இதற்கு நீளத்தை நல்கியது. அச்சுப்பக்கத்தின் எல்லைக்குள் அடங்காமல், அமெரிக்கரான ராண்டல் மன்ரோ ‘எக்ஸ்கேசிடி’ தொடரில் 2016இல் வரைந்த புவிவெப்பக் காலக்கோடு கி.மு. 20,000இல் தொடங்கிக் கீழ்நோக்கி நீண்டுசெல்ல, பல்லாயிரம் ஆண்டுகளின் மெல்லிய மாற்றத்தையும் அண்மைக்காலத்தின் விரைந்த ஏற்றத்தையும் வாசகன் திரையைத் தள்ளித்தள்ளியே உணர்கிறான். அவ்வாறே, குளியாள் கடல்மட்டத்திலிருந்து இறங்கிப் பாரைத் தொடும் ஆழத்தைப் பாகம் பாகமாகக் காட்டும் தமிழ்ச் சித்திரம் ஒன்று, ஒளி மங்குவதையும் நீரழுத்தம் மிகுவதையும் அட்டவணையைவிடத் தெளிவாகப் புகட்டும்.

சித்திரம் நுட்பத்தை எளிமைப்படுத்திச் சிதைத்துவிடும் என்பர் சிலர். சிதைப்பது எளிமை அன்று, சான்றை மறைத்தலே. எது கண்டது, எது கருதியது என்பதைக் கோட்டாலும் நிறத்தாலும் வேறுபடுத்திக் காட்டும் ஓவியன் இக்குற்றத்திற்கு ஆளாகான். ஆய்வாளர் ஓவியத்தையும் ஆய்வேடெனக் கருதித் திருத்தித்தர முன்வருதலும் வேண்டும்.

தூத்துக்குடியில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. இக்கரையின் இளந்தலைமுறை தன் கடலின் புகழ்பெற்ற செல்வத்தைக் கேள்வியாலன்றி அறியாத இந்நிலையில், ஆராய்ச்சி நிலையங்களும் ஓவியரும் கூடி, முத்தின் உற்பத்தியையும் அதனை அறிந்த வரலாற்றையும் தமிழ்ச் சித்திரத்தொடராக ஆக்கித்தருவது விஞ்ஞானக் கல்வியின் இன்றியமையாத கடமையாகும். முடிவை மனனம் செய்த மாணவன் அடுத்த தவறான படத்தையும் நம்புவான். முடிவுக்கு வந்த வழியை அறிந்தவனே அதனிடம் சான்று கேட்பான்.