மருந்து கொடுக்கும் கை

வைத்திய வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாற்றையே எழுதிச் சென்றனர். நோயாளியின் கையில் மருந்தை இறுதியாக வைப்பவர் யார், அவர் எங்கே கற்றார், எந்த மொழியிற் கற்றார், தம் முன்னே இருக்கும் போத்தலில் உள்ளது யாதென அவருக்கு எப்படித் தெரியும் என்னும் வினாக்களை அவர்கள் எழுப்பவில்லை. ஆஸ்பத்திரிச் சாளரத்தின் முன் துண்டும் கையுமாக வரிசையில் நிற்கும் தொழிலாளிக்கோ இவையே உயிர்ப் பிரச்சினைகள். பெரிய நிபுணரை அவன் தன் வாழ்நாளில் ஒருமுறை காணலாம், காணாமலும் போகலாம். மருந்து கொடுப்பவரைக் காணாமல் அவன் வீடு திரும்ப முடியாது.

பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இலங்கையின் சிற்றூர்களில் அரசாங்க வைத்தியம் என்பது பெரும்பாலும் 'அப்போதிக்கரி' என்று மக்கள் அழைத்த ஒருவரையே நம்பியிருந்தது. நோயைப் பார்ப்பவரும் அவரே, மருந்தைக் கலக்கச் சொல்பவரும் அவரே. சில இடங்களிற் கலப்பவரும் அவரே. நோயாளி வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவருவான். தண்ணீர் மருந்து ஊற்றப்பட்டதும், ஓரத்திற் பல் பல்லாக வெட்டிய கடதாசித் துண்டொன்று போத்தலின் பக்கத்தில் ஒட்டப்படும். ஒரு பல் ஒரு வேளை. எழுத்தறியாதவரும் தவறின்றி மருந்து அருந்த இதைவிட எளிய வழியை இதுவரை நாம் காணவில்லை. 'குலுக்கிக் குடிக்கவும்' என்ற சொற்களும் வெறும் சம்பிரதாயமல்ல. கரையாத மருந்து அடியிற் படிந்துவிடும். குலுக்காமற் குடித்தவன் முதல் வேளைகளில் வெறும் நீரையும் கடைசி வேளையில் எல்லா மருந்தையும் ஒருங்கே குடித்தவனாவான்.

ஆனால் சாளரத்தின் உட்புறம் இவ்வளவு எளிமையானதாக இருக்கவில்லை. துண்டிலே அளவு குறிக்கப்பட்ட பழைய முறையில், 'டிராம்', 'அவுன்ஸ்' ஆகிய இரண்டின் அடையாளங்களுக்கும் இடையிலான வேறுபாடு பேனையின் ஒரு சிறு சுழிப்புத்தான். எட்டு டிராம் சேர்ந்தது ஓர் அவுன்ஸ். எனவே அச்சுழிப்பைத் தவறாக வாசித்தவரின் கையில் மருந்து எட்டு மடங்காகும். எத்தனை வேளை என்பதோ 'ரி.டி.எஸ்.', 'பி.டி.' என இலத்தீனின் சுருக்கங்களாய் நின்றது. இக்குறிகளுக்கும் நோயாளியின் உயிருக்கும் நடுவே நின்ற ஒரே காப்பு, மருந்து கலப்பவரின் படிப்பு. அப்படிப்பு எவருக்கு உரியது என்பதே நாம் இங்கு கூற வந்த வரலாறு.

அவ்வரலாற்றின் ஒரு தொடக்கம் மானிப்பாயில் இருக்கின்றது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு முதல் மானிப்பாயில் உள்ளூர் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். மதம் பரப்பும் நோக்கோடு வந்தவர் அவர், அதனை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் மொழி விடயத்தில் அவர் எடுத்த முடிவு நம்மவர் பலருக்கு இன்றும் எட்டாத முடிவு. ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்வர், தமிழிற் கற்றோர் கிராமத்து மக்களிடையே தங்குவர் என்பதைக் கண்ட அவர், 1860களின் நடுப்பகுதியிலிருந்து தமிழிலேயே கற்பித்தார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. இந்திய மருந்து நூலும் அவர் முயற்சியாற் தமிழுக்கு வந்தது. கெமிஸ்தமும் மருந்து நூலும் ஏன் வேண்டியிருந்தன? அக்காலத்து வைத்தியன் தன் மருந்தைத் தானே கலக்கவேண்டியவன். எதனோடு எது சேரும், எது சேர்ந்தால் நஞ்சாகும் என்பதைத் தன் தாய்மொழியிற் படித்தறிந்தவனுடைய கையும், ஆங்கிலப் பெயரைக் கிளிப்பிள்ளை போல் ஒப்புவித்தவனுடைய கையும் ஒன்றாகா.

கிறீன் 1873இல் நாடு திரும்பினார். அங்கிருந்தும் மொழிபெயர்ப்பை அவர் விடவில்லை. ஆனால் மானிப்பாய்ப் பயிற்சி அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் திறக்கப்பட்ட வைத்தியக் கல்லூரியின் மொழி ஆங்கிலம். மருந்தைப் பற்றிய அறிவு ஆங்கிலம் அறிந்த சிறு கூட்டத்தின் சொத்தாயிற்று.

மொழிச் சுவர் போதாதென்று இன்னொரு சுவரையும் வியாபாரம் எழுப்பியது. அது பெயர்ச் சுவர். ஒரே மருந்து, அதனைச் செய்யும் ஒவ்வொரு கம்பனியின் கையிலும் ஒவ்வொரு பெயர் பெறுகின்றது. பெயருக்கேற்பப் பெட்டியின் நிறமும் விலையும் மாறுகின்றன. இதனால் ஏழையின் பணம் பறிபோவதைப் பலரும் பேசியிருக்கின்றனர். பாதுகாப்பும் பறிபோவதை அவ்வளவாகப் பேசுவதில்லை. இரு வேறு பெயர் கொண்ட குளிசைகளை இரு வேறு மருந்தென எண்ணி, ஒன்றையே இரட்டிப்பாக உட்கொண்டு ஈரலைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்து பரசிற்றமோலிலேயே உண்டு. ஒலியால் ஒத்த இரு பெயர்களை மருந்தாளர் மாற்றிப் படித்துவிடும் ஆபத்தும் உண்டு. சில நூறு மருந்துகளின் குணத்தையும் அளவையும் தீங்கையும் ஒருவர் முயன்று கற்கலாம். ஆயிரக்கணக்கான வியாபாரப் பெயர்களை எப்பயிற்சியும் ஒருவர் தலையில் ஏற்றமுடியாது.

இதனைத் தெளிவாக உணர்ந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1920இற் பிறந்த இவர், 1958இல் இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியரானார். லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவர். அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கென 1950களின் இறுதியில் உருவான மருந்துக் கோவையில் அவர் உழைப்பு பெரிது. தேவையான மருந்துகள் மாத்திரம் தெரிந்தெடுக்கப்பட்டு, கம்பனிப் பெயரின்றிப் பொதுப்பெயரில் அதில் இடம்பெற்றன. வைத்தியர் எழுதும் பெயரும், களஞ்சியத்துப் போத்தலின் பெயரும், மருந்தாளர் படித்த பெயரும் ஒன்றாயின. சிக்கனத் திட்டம் என்றே அக்கோவையைப் பலர் கண்டனர். எம் கருத்தில் அது பயிற்சியும் பாதுகாப்பும் ஆகிய இரண்டின் அத்திவாரம்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்த சந்தையோ கம்பனிகளின் கையில் இருந்தது. கம்யூனிஸ்ட் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் சேர்ந்து 1971இல் அரசாங்கத்துக்கு அறிக்கை சமர்ப்பித்தனர். அவ்வாண்டே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. அதன் முதற் தலைவர் பிபிலே. 1972 முதல் இறக்குமதி படிப்படியாக அதன் கைக்கு வந்தது. உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி மலிவான இடத்தில் வாங்கினர். தனியார் துறையில் ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன.

எதிர்ப்பு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். 1974இல் கொலராவுக்கான ரெற்றாசைக்கிளின் அவசரமாகத் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு குளிகை செய்து தருமாறு, இங்கே ஆலை வைத்திருந்த அமெரிக்கக் கம்பனியொன்று கேட்கப்பட்டது. மூலப்பொருளின் தரத்தில் ஐயம் என்று அது மறுத்தது. அரசாங்கம் ஆலையைப் பொறுப்பேற்க எண்ணியபோது அமெரிக்கத் தூதுவரே பிரதமரிடம் தலையிட்டார். குளிகைகள் அதிக விலைக்கு விமானத்தில் வந்தன. தரம் என்ற சொல் மருந்தாளரின் வாயில் காவலாகும். ஏகபோகத்தின் வாயில் அதுவே ஆயுதமாகும். தரத்தைத் தானே சோதிக்கும் ஆய்வுகூடமும் ஆட்களும் இல்லாத நாடு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. கூட்டுத்தாபனத்தை மனதாரப் போற்றுபவர்களும் இதனை மறத்தலாகாது.

1976இல் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு இக்கொள்கையின் வழியில் தீர்மானம் நிறைவேற்றியது. 1977இல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டில் இங்கே ஆட்சி மாறி, சந்தை மீண்டும் திறக்கப்பட்டது. பிபிலே அவ்வாண்டு செப்டெம்பரில் கயானாவில் காலமானார்.

1980இன் 27ஆம் இலக்கச் சட்டமும், நீண்ட போராட்டத்தின் பின் 2015இன் 5ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் மருந்தகவியலைப் பட்டநெறியாகக் கற்கும் நிலை வந்தது. கிறீனின் வகுப்புக்கும் இதற்கும் இடையே நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கற்கும் மொழி ஆங்கிலம். அங்கு தேர்ந்து வருபவர் தம் அறிவைச் சாளரத்தின் மறுபுறத்துக்குக் கடத்தவேண்டிய மொழி தமிழோ சிங்களமோதான்.

2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது ஆஸ்பத்திரிக் களஞ்சியங்களில் பல மருந்துகள் தீர்ந்தன. வெளியே வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுக்கப்பட்ட நோயாளிகள் கடை கடையாக அலைந்தனர். துண்டிலே பொதுப்பெயர் இருந்தவன், அம்மருந்தை எந்தக் கம்பனி செய்திருந்தாலும் கேட்டு வாங்கலாம் என்றிருந்தான். வியாபாரப் பெயர் இருந்தவன், அதே மருந்து வேறு பெயரில் அடுத்த தட்டில் இருப்பதை அறியாமல், எடுத்துச் சொல்ல ஒரு மருந்தாளர் அங்கில்லாவிடின், இல்லையென்ற சொல்லோடு திரும்பினான்.