கையொப்பம் கலெக்டருடையது, கிட்டி சேவகனுடையது

1791 ஜூலையில் மேஜர் கௌடியின் படை ராயக்கோட்டை மலைக்கோட்டையைத் திப்பு சுல்தானின் காவலரிடமிருந்து கைப்பற்றியதும், அடுத்த ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானதும், 1799இல் ஜெனரல் ஹாரிஸின் சேனை இக்கோட்டையைக் கடந்து மைசூர் எல்லைக்குள் புகுந்ததும் போர் வரலாறுகளில் விரிவாகப் பேசப்படுகின்றன. இவ்விரு போர்களுக்கும் இடைப்பட்ட ஏழாண்டுகளில், ராயக்கோட்டையை எல்லைக் காவலாகக் கொண்ட அச்சீமையில் உருவான வருவாய் ஆட்சியோ, பிற்காலத்தில் தென்னாட்டின் பெரும்பகுதிக்கும் முன்மாதிரியாயிற்று. தவறு நேர்ந்தால் பழி யாரைச் சேரும் என்ற கேள்விக்கு ஒரு வசதியான விடையும் அந்த ஆட்சியோடு சேர்ந்தே பிறந்தது.

புதிய சீமையை நிர்வகிக்கச் சென்னையின் சிவில் அதிகாரிகளை அனுப்பாமல், அலெக்சாண்டர் ரீடு என்ற படைத்தலைவரையும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோ, கிரஹாம், மக்லியோடு என்ற மூன்று படையதிகாரிகளையும் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் நியமித்தார். சென்னை அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகள் தெரியாமையால் அலுவல் முழுவதும் துபாஷிகளிடம், அதாவது மொழிபெயர்த்தும் பணம் புரட்டியும் வெள்ளையருக்குத் தரகராக இருந்தவர்களிடம், சிக்கிவிட்டது என்பதே அவர் கூறிய காரணம். இது பாதி உண்மை. ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த பால் பென்ஃபீல்டு எந்தத் துபாஷியாலும் கெட்டவர் அல்லர். அக்கடன் விவகாரத்தில் குறுக்கே நின்ற கவர்னர் பிகட்டை 1776இல் சிறைப்பிடித்து, மறு ஆண்டு அவர் காவலிலேயே இறக்கக் காரணமானவர்கள் அவருடைய சொந்த ஆலோசனைச் சபையினரே. எனினும் கம்பெனியின் குறிப்பேடுகளில் குற்றத்தின் முகம் பெரும்பாலும் துபாஷியின் முகமாகவே வரையப்பட்டது.

ரீடும் மன்றோவும் நேர்மையாளர்கள் என்பதில் ஐயமில்லை. மொழி கற்றார்கள், நிலங்களை அளந்தார்கள், இடைத்தரகரை விலக்கிக் குடியானவனோடு நேரே வரி பேசும் ரயத்துவாரி முறைக்கு வித்திட்டார்கள். ஆனால் குடியானவனுக்கும் கலெக்டருக்கும் இடையே ஒருவரும் இல்லை என்பது காகிதத்தில் மட்டும் பொருந்தும். கணக்கு எழுதும் கர்ணம், ஊர்த் தலைமையான மணியக்காரர், தாலுகா கச்சேரியின் தாசில்தார், அவருடைய சேவகர்கள் என்ற நீண்ட ஏணி இடையில் இருந்தது. இந்நிலையில், மன்றோ தலைமையேற்ற சீர்திருத்தத்தின் விளைவாக 1816ஆம் ஆண்டுச் சட்டங்கள் போலீஸ் அதிகாரத்தையும் தாசில்தாரிடமே ஒப்படைத்தன. அதாவது கிஸ்தி என்னும் வரித்தவணையை வசூலிக்கும் கையே, அதைக் கட்டாதவனைப் பிடிக்கும் கையும் ஆயிற்று. நேர்மையான ஒருவர் செய்த ஏற்பாடு நேர்மையற்ற பலருக்கு இவ்வளவு பயன்பட்டது வரலாற்றில் அரிதன்று. ஆயினும் இங்கு அதன் விலை மிகப் பெரிது.

1854இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் சென்னை மாகாண வரிக்கொடுமை பேசுபொருளானபின், எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணை ஆணையம் சென்னையில் அமைந்தது. 519 பேர் நேரில் முறையிட்டனர். 1,440 முறையீடுகள் கடிதமாக வந்தன. 1855 ஏப்ரலில் வெளிவந்த அறிக்கை, வரி வசூலுக்காகச் சித்திரவதை நடந்தது உண்மை என ஒப்புக்கொண்டதோடு அதன் வகைகளையும் பதிவு செய்தது. அவற்றுள் கிட்டி என்பது விரல்களையோ பிற உறுப்புகளையோ இடையில் வைத்து நெரிக்கும் மரக்கருவி. அண்ணந்தாள் என்பது ஒருவனைக் குனியவைத்து, அவன் துணியையோ கயிற்றையோ கழுத்தின் மேலாகவும் கால்விரல்களின் கீழாகவும் செலுத்திக் கட்டிப்போடுதல். உச்சி வெயிலில் நிற்கவைப்பது இவற்றோடு ஒப்பிடுகையில் எளிய தண்டனை. இவ்வளவும் சில ரூபாய், சில சமயம் சில அணா, பாக்கிக்காக. தாசில்தார் மீது கலெக்டரிடம் கொடுத்த மனு, விசாரித்து எழுதுமாறு அதே தாசில்தாருக்கே அனுப்பப்படுவதும் உண்டு.

இத்தனையையும் எழுதிய ஆணையம், ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் உடந்தை இல்லை என்றும், மக்கள் வேண்டுவது தம் நாட்டவரின் கொடுமையிலிருந்து காக்கப்படுவதையே என்றும் முடிவு கூறியது. அறுபதாண்டுகளுக்கு முன் துபாஷி நின்ற இடத்தில் இப்போது சேவகன் நின்றான். வசூலாக வேண்டிய தொகையை விதித்தவர் யார், குறைந்த சம்பளத்தில் சேவகனை வைத்தவர் யார், வசூல் குறைந்தால் தாசில்தாரைக் கடிந்தவர் யார் என்ற கேள்விகள் அந்த முடிவுக்குள் நுழையவில்லை. நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் 1857 செப்டம்பரில் இவ்வறிக்கையைப் பற்றி எழுதிய காரல் மார்க்ஸ், ஆங்கில ஆட்சியாளர்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் அம்முடிவை ஏற்கவில்லை. அறிக்கை திரட்டிய சாட்சியங்களைப் படிப்பவர் அவர் பக்கமே சாய்வர்.

1859ஆம் ஆண்டுச் சென்னைப் போலீஸ் சட்டம் போலீஸை வருவாய்த்துறையிலிருந்து பிரித்துத் தனித்துறையாக்கியது. யார் மீது புகாரோ அவருடைய மேசைக்கே மனு திரும்பிவரும் வழக்கத்தை அந்தச் சட்டம் தொடவில்லை.