இடம்பெயர்ந்த மாதா

மடு எண்டதும் எங்களில் கனபேருக்கு முதலில் நினைவுக்கு வாறது ஆவணித் திருவிழாதான். காட்டுக்குள்ளே கொட்டில் போட்டுத் தங்கும் குடும்பங்கள், தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்திறங்கும் சிங்களச் சனம், வீட்டுக்குக் கொண்டுபோக மடு மண்ணைப் பொட்டலம் கட்டும் அம்மம்மாமார். அந்த மண் இருக்கும் வீட்டில் பாம்பு தீண்டாது எண்டு நம்பிக்கை. புதுமைக் கதைகளுக்கும் குறைவில்லை. ஆனால் அந்தச் சுரூபம் ஏன் கரையோரத்தை விட்டுக் காட்டுக்குள் வந்தது எண்ட கேள்வியை நாம் பெரிதாகக் கேட்பதில்லை. கேட்டால், அது ஒரு இடம்பெயர்வின் கதை எண்டு தெரியவரும்.

மன்னாரில் கத்தோலிக்கம் தொடக்கத்திலேயே இரத்தம் பார்த்தது. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை, புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற சுமார் 600 பேரை அங்கே கொன்றது. பிறகு போர்த்துக்கேயரின் கை ஓங்கியது. 1619இல் யாழ்ப்பாண அரசும் அவர்களிடம் வீழ்ந்தது. கோவில்கள் எழும்பின. போர்த்துக்கேயர் ஒண்டும் சாந்தமூர்த்திகள் இல்லை. அவர்கள் இடித்த சைவக் கோவில்களை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்ததோடு காற்று மாறியது. அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் சீர்திருத்தச் சபைக்காரர். கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள். ஒரு குருவை ஒளித்து வைப்பது மரண தண்டனைக்குரிய குற்றமானது.

அந்த நேரம் மாந்தையில் ஒரு மாதா சுரூபம் இருந்தது. கோவில் மரபு சொல்லுறபடி, 1670இல் 20 குடும்பங்கள் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியாக மருதமடுவுக்கு வந்தன. யாழ்ப்பாணப் பக்கமிருந்து 700 பேரளவில் வன்னிக்குள் இறங்கினார்கள். அவர்களில் ஒருத்தி எலேனா, ஒரு போர்த்துக்கேயக் கப்டனின் மகள். முதல் கோவிலைக் கட்டுவித்தது அவதான் எண்டு சொல்லுவார்கள். 20, 700 எண்ட எண்களை அப்படியே சத்தியம் எண்டு பிடிக்கத் தேவையில்லை. ஆனால் கதையின் எலும்புக்கூடு வலுவானது. ஒல்லாந்தரின் பிடி கரையோரத்தில்தான் இறுக்கம். உள்ளே போகப் போக வன்னிக் காடு, அதற்கும் அப்பால் கண்டி இராச்சியம். ஓடுற சனம் எந்தப் பக்கம் ஓடும்?

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விசயம், கத்தோலிக்கரைத் துரத்தியது கிறிஸ்தவ ஆட்சி, இடம் கொடுத்தது பௌத்த அரசு எண்டது. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலைப் பக்கம் ஒளித்துத் திரிந்து மறைப்பணி செய்த ஜோசப் வாஸ் அடிகளும் கடைசியில் கண்டிக்குத்தான் போனார். முதலில் உளவாளி எண்டு மறியலில் போட்டாலும், பிறகு அரசனே அவருக்கு ஆதரவு கொடுத்தான். 1711இல் அவர் இறந்ததும் கண்டியில்தான். இந்தத் தீவில் ஒவ்வொரு மதமும் மற்றதுக்கு எப்பவும் எதிரி எண்டு படிப்பிக்கிறவர்கள் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுவார்கள்.

மடுவின் ஒரு திருவிழா ஜூலை 2ஆம் திகதி. திருச்சபையின் பழைய நாட்காட்டியில் அது மரியாள் எலிசபெத்தைத் தேடிப்போன திருநாள். வயிற்றில் பிள்ளையோடு மலைநாட்டுக்கு நடந்துபோன ஒரு பெண்ணின் நாள். பிறகு அந்தத் திருநாளை மே 31க்கு மாற்றினார்கள், மடு மாற்றவில்லை. ஆகஸ்ட் 15 மரியாள் விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாள். ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கு வணக்கம்தான், அவ எங்களுக்காகப் பரிந்து பேசுறவ எண்டு மறைக்கல்வியில் படிப்பிப்பார்கள். ஆனால் மடுவில் முழந்தாளில் நிற்கிற தாயிடம் போய் இந்த வித்தியாசத்தை விளக்க எந்தச் சுவாமியாருக்கும் துணிவு வராது.

ஒல்லாந்தருக்குப் பிறகு ஆங்கிலேயர் காலத்தில் நெருக்குதல் விலகியது. யாழ்ப்பாண ஆயர் பொஞ்சான் 1872இல் இப்போதுள்ள கோவிலைக் கட்டத் தொடங்கினார். 1924இல் பாப்பரசரின் பெயரால் மாதாவுக்கு முடி சூட்டப்பட்டது. ஒளித்து வைக்கப்பட்டவ அரசியானா. தீவு முழுக்க இருந்து சனம் வந்தது. சிங்களக் கத்தோலிக்கர், சைவர், பௌத்தர் எண்டு எல்லோரும். சைவருக்கு அவ இன்னொரு அம்மன். பௌத்தர் சிலருக்குப் பத்தினித் தெய்வம். இந்தக் கலப்பு எங்களுக்குப் பிடிக்கும். ஆனால் “இது முதலில் பத்தினி கோவில்” எண்டு யாரும் தொடங்கும்போது அது பக்தியாக இருக்காது, காணி உரிமைப் பேச்சாக மாறிவிடும். அதேநேரம் எங்கட பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், அதே மாந்தைப் பக்கம் திருக்கேதீஸ்வரத்துக்கு வைத்த வளைவை உடைத்தது கத்தோலிக்கக் கூட்டமொன்று. துரத்தப்பட்ட மாதாவின் பிள்ளைகள் செய்யுற வேலையா அது?

யுத்தம் வந்தபோது பழைய கதை திரும்பவும் தொடங்கியது. 1990இலிருந்து மடுக் கோவில் வளவு ஆயிரக்கணக்கான சனத்தின் அகதி முகாமானது. மாதாவின் காலடியில் ஷெல் விழாது எண்டு சனம் நம்பியது. அந்த நம்பிக்கையை மூடநம்பிக்கை எண்டு ஒதுக்குறது லேசு. ஆனால் போக வேறெங்கே இடம் இருந்தது? 1999 நவம்பர் 20ஆம் திகதி கோவில் வளவுக்குள்ளேயே ஷெல் விழுந்தது. சுமார் 40 பேர் செத்தார்கள், பிள்ளைகளும் அதில் அடக்கம். இராணுவமும் புலிகளும் ஆளை ஆள் கைகாட்டினார்கள். அதற்குப் பிறகும் சனம் மடுவுக்கு வருவதை நிறுத்தவில்லை. அடைக்கலம் எண்டது காயம் படாத இடம் இல்லை, கைவிடாத இடம் எண்டு அவர்கள் விளங்கியிருக்க வேணும். எங்களுக்கு இப்படித்தான் படுகிறது.

2008 ஏப்ரல் தொடக்கத்தில் சண்டை கோவிலை நெருங்கியது. குருமார் சுரூபத்தை எடுத்துக்கொண்டு வடக்கே கரையோரத்திலுள்ள தேவன்பிட்டிக்குப் போனார்கள். அப்போது மன்னார் ஆயராக இருந்தவர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. 1670இல் கரையிலிருந்து காட்டுக்கு வந்த மாதா, 338 வருடத்துக்குப் பிறகு காட்டிலிருந்து கரைக்குப் போனா. ஏப்ரல் முடியமுன் இராணுவம் மடுவைப் பிடித்தது. ஆகஸ்டில் சுரூபம் திரும்பி வந்து திருவிழாவும் நடந்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலையில் கொழும்பில் ஜோசப் வாஸைப் புனிதராக அறிவித்துவிட்டுப் பின்னேரம் மடுவுக்கே வந்தார். அந்தப் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

மாதா திரும்பி வந்த அந்த ஆகஸ்டில் மன்னார் பெருநிலப்பரப்புச் சனம் திரும்பி வரவில்லை. அவர்கள் மற்றப் பக்கம், கிழக்கே, சாமான் சட்டிமுட்டிகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். உயிரோடு மிஞ்சியவர்களில் பெரும்பகுதியை 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் அடைத்தார்கள். அங்கேயிருந்து மடு பெரிய தூரமில்லை.