விதித்துரைக்கப்பட்டவாறு

தெமோதரை நிலையத்தில் நின்று புறப்படும் பதுளைப் புகையிரதம், மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தினூடாகச் செல்லும். என் சிறுபராயத்தில், அந்நிலையத்தடிக் கடையொன்றில்தான் தந்தையார் அரசாங்கக் கடிதங்களைப் பிறரைக் கொண்டு வாசிப்பித்துக்கொள்வார். கடிதங்கள் சிங்களத்தில் வரும். எங்கள் லயத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபின்னரே அந்நிலையின் வேரைச் சட்டப் புத்தகத்தில் கண்டேன்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் மூன்றே பிரிவுகள் கொண்டது. உடனடியாகச் சிங்களத்துக்கு மாறுவது இயலாதென அமைச்சர் கருதும் அலுவல்களுக்கு அது அவகாசம் வழங்கிற்று. ஆயினும் 1960 டிசம்பர் 31 என எல்லையும் குறித்தது.

ஈராண்டுகளின் பின், அதே பண்டாரநாயக்க அரசு 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தை நிறைவேற்றியது. தமிழில் கல்வி கற்றோர் அரச அலுவலருக்குத் தமிழில் எழுதலாம்; ஆனால் 'விதித்துரைக்கப்பட்டவாறு'. வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் நிர்வாகம் நடத்தலாம்; ஆனால் 'விதித்துரைக்கப்பட்ட' கருமங்களுக்கு. விதித்துரைப்பவர் அமைச்சர். அவர் ஒழுங்குவிதிகளை ஆக்கலாம் என்றது சட்டம். ஆக்குதல் வேண்டும் என்று கூறவில்லை. திகதியும் இல்லை.

விளைவை வரலாறு அறியும். ஒழுங்குவிதிகள் 1966 ஜனவரியில்தான், டட்லி சேனநாயக்க ஆட்சியில், பாராளுமன்றத்துக்கு வந்தன. எதிர்ப்பு ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து பிக்கு ஒருவர் உயிரிழந்தார். அவசரகால நிலை பிரகடனமாயிற்று. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்போ, அவ்வொழுங்குவிதிகள் அரசியலமைப்பின் ஏற்பாடுகள் ஆகா, துணைநிலைச் சட்டங்களே என்று வெளிப்படையாக எழுதி வைத்தது.

பாடம் கற்கப்பட்டதா? 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம், சிறுபான்மை மொழியினரின் விகிதத்தைக் கருத்திற்கொண்டு, உதவி அரசாங்க அதிபர் பிரிவொன்றில் இரு மொழிகளிலும் நிர்வாகம் நடத்துமாறு சனாதிபதி பணிக்கலாம் என்றது. எத்தனை விகிதம், எப்போதைக்குள் என்ற வினாக்களுக்கு விடையில்லை. எங்கள் பக்கத்து எல்ல, ஹாலிஎல முதலிய பிரிவுகள் வர்த்தமானியில் இடம்பெற 1999 வரை காத்திருக்க நேர்ந்தது.

விபரங்கள் யாவற்றையும் பாராளுமன்றமே எழுதவியலாது. அமைச்சருக்கு அதிகாரம் கையளிப்பது தவிர்க்கவொண்ணாதது. எனினும், அதிகாரத்தோடு கடமையையும் காலவரையறையையும் சேர்த்தே கையளித்தல் வேண்டும். சிங்களத்துக்கு நாள் குறிக்கத் தெரிந்த சட்டவரைஞருக்குத் தமிழுக்கு நாள் குறிக்கத் தெரியாமற் போயிருக்குமா? புதிய சட்டமூலம் எதுவாயினும், நான் முதலில் தேடுவது 'லாம்' என்று முடியும் சொற்களைத்தான்.