காஞ்சியில் கேட்ட பொதியமலைச் செய்தி

கி. பி. 640-ஆம் ஆண்டையொட்டிச் சீன நாட்டு யாத்திரிகராகிய யுவான் சுவாங் காஞ்சி மாநகருக்கு எழுந்தருளினார். அந்நாளில் பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் அரசு செலுத்தி வந்தான். நகரில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் எண்பது அளவில் தேவாலயங்களும் விளங்கின என்றும், இந்நாட்டு மக்கள் கல்வியைப் போற்றுபவர், சொல் தவறாதவர் என்றும் அவர் குறித்து வைத்துள்ளார். காஞ்சியிலிருந்து இலங்கைக்குச் செல்ல அவர் எண்ணியிருந்தார். ஆயின் அங்கே மன்னன் மறைந்தான், பஞ்சமும் பரவிற்று என்று அந்நாட்டுத் துறவியர் இங்கு வந்து சொல்லவே, அவ்வெண்ணத்தைக் கைவிட்டார்.

காஞ்சிக்குத் தெற்கே அவர் சென்றிலர் என்பதும், தென்கோடி நாட்டைப் பற்றிக் கேட்டறிந்தே எழுதினார் என்பதும் ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. அங்ஙனம் எழுதியவற்றுள் ஒன்று 'போதலகம்' என்னும் மலையைப் பற்றிய செய்தியாகும். கணவாய்கள் அச்சம் தருவன, சரிவுகள் செங்குத்தானவை, உச்சியில் தெளிந்த நீர்நிலை ஒன்றுண்டு, அங்கிருந்து இழியும் ஆறு மலையைப் பலகால் சுற்றிவந்து தென்கடலிற் கலக்கும், அங்கே அவலோகிதர் உறைவார் என்பது அவர் தரும் வருணனை. இம்மலை நம் பொதியமலையே என்று கொள்ளும் அறிஞர் பலர். அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என 11-ஆம் நூற்றாண்டு இலக்கண நூலாகிய வீரசோழியம் கூறுவது அவர் கருத்துக்கு அரண் செய்கின்றது.

பொதியமலை 1,868 மீட்டர் உயரமுடையது. இரு பருவ மழையும் பெறும் அதன் காடுகளிற் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, நெல்லைச் சீமையை வளமாக்கி, மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. இந்நாளில் சிகரத்தை அடைய விரும்புவோர் கேரளத்துப் போனக்காட்டிலிருந்து, வனத்துறையின் அனுமதி பெற்றே செல்லல் வேண்டும். யானை திரியும் அடர்வனம், காலைப் பற்றும் அட்டைகள், இடையிடையே ஓடைகள், திறந்த புல்வெளி வெயில் ஆகியவற்றைக் கடந்து, முதல் நாள் அதிருமலையில் தங்குவர். மறுநாள் வழுக்குப் பாறைகளில் கயிற்றைப் பற்றி ஏறினால், உச்சியில் அகத்தியர் திருவுருவைக் காணலாம். நெடுங்காலம் பெண்டிர்க்கு இவ்வனுமதி இல்லை. 2019-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் அவர்களும் ஏறி வருகின்றனர்.

இத்தனை வசதி மிகுந்த காலத்தும் அவ்வழி அரிதென்றால், பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் எங்ஙனம் இருந்திருக்கும்! உயிரைப் பொருட்படுத்தாது ஆற்றைக் கடந்து ஏறுவோருள் உச்சியை எய்துவோர் மிகச் சிலரே என்று யுவான் சுவாங்கும் எழுதுகின்றார். ஆயின் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. மலையடிவாரத்தில் வாழ்வோர் உள்ளம் உருகி வேண்டினால், அப்பெருமான் சிலபோது ஈசுவர வடிவிலும், சிலபோது நீறணிந்த தவசியின் வடிவிலும் அவர்முன் தோன்றி, இன்சொற் கூறி, வேண்டியதை அருள்வார் என்கின்றார். பௌத்தத் துறவி ஒருவர் ஈசனின் வடிவைச் சொல்லி இதனை எழுதிவைத்தது எண்ணுந்தோறும் இன்பம் பயப்பதாகும்.

இதனையே நம் தலபுராண மரபும் வேறொரு வகையாற் கூறுகின்றது. கயிலையில் நிகழ்ந்த திருமணத்தைக் காண அனைவரும் வடக்கே திரண்டபோது, நிலத்தைச் சமன் செய்யத் தெற்கே அனுப்பப்பெற்றவர் அகத்தியர். அனைவரும் கண்ட காட்சியைத் தாம் ஒருவரே இழந்தோமே என்று அவர் வருந்தினார். இறைவன் அவரை மீண்டும் வடக்கே அழைத்தானில்லை. தானே பாபநாசத்தில் மணக்கோலத்துடன் காட்சி நல்கினான். பணியின் பொருட்டு வர இயலாதவனிடம் இறைவனே வருவான் என்பது இதன் உட்பொருள்.

காஞ்சியில் இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்றளி எடுப்பித்தான்; அது கயிலாசநாதர் கோயில் எனப் பெயர் பெற்று நிலவுகின்றது. விமானத்தின் உறுப்பொன்றைச் 'சிகரம்' என்று சிற்பியர் வழங்குவதும் கருதத்தக்கது. மலைக்குச் செல்ல மாட்டாதார் நடுவே நாட்டப்பெற்ற மலையே கோயில். தறியை விட்டெழ இயலாத நெசவாளர், தள்ளாத முதியவர், கைக்குழந்தையுடைய தாய் ஆகிய அனைவர்க்கும் அது நாலடி நடையில் கிட்டும் கயிலை, பொதியம்.

ஆதலின் கோயில் பழுதுற்றால், அடிவாரத்தில் நிற்பார்க்குரிய வழியே தூர்ந்ததாகும். திருப்பணிக்குப் பொருள் நல்கியோர் அவ்வழியைச் செப்பனிட்டோர் ஆவர். கும்பாபிஷேக நன்னாளில் சிவாசாரியார் புனித நீர்க்குடத்துடன் சாரத்தின்மேல் ஏறுவர், ஏறுபவர் சிலரே. கலசத்தில் வார்த்த நீரோ, கீழே கைகூப்பி நிற்கும் பல்லாயிரவர் தலைமீதும் துளித்துளியாகத் தெறிக்கும். மலையேறாதார்க்கும் அருள் இறங்கிவரும் என்று காஞ்சியில் அந்நாள் கேட்ட செய்தி, இந்நாளும் அந்நீர்த்துளிகளில் மெய்யாகின்றது.

திருப்பணி செய்தோர் குலம் தழைக்க! திருவருள் எங்கும் பொலிக!