ஆமணக்குப் புழுக்களை இனங்காணல்

ஆமணக்கு இலையில் மேயும் அந்துப்பூச்சிப் புழுக்களை நிறத்தை வைத்து அடையாளம் காணப் போனால் ஏமாற வேண்டியதுதான். காவடிப்புழு (அக்கேயா ஜனாட்டா) ஒன்றே சாம்பல் நிறத்திலும் இருக்கும், வெல்வெட் கறுப்பிலும் இருக்கும். கால்களையும் மேயும் விதத்தையும் பார்ப்பதே நம்பகமானது.

அந்துப்பூச்சிப் புழுவுக்குத் தலையை அடுத்து மூன்று இணை மெய்க்கால்கள் உண்டு. அதற்குப் பின்னால் வருபவை சதைப்பற்றான போலிக்கால்கள். இவை ஐந்து இணையைத் தாண்டுவதில்லை. காவடிப்புழுவுக்குப் போலிக்கால்களில் முதல் இணை குன்றிப்போயிருப்பதால் உடலின் நடுப்பகுதியை வில்லாக உயர்த்தி உயர்த்தி நகரும். காவடி என்ற பெயர் அந்த வளைவுக்கு வந்தது. வளர்ந்த புழு ஏறக்குறைய 6 செ.மீ. நீளம் இருக்கும், வால் பக்கம் சிவந்த முண்டுகள் தெரியும். அதன் பின்பகுதி அடிவயிற்றில் சிறு கூடு ஒட்டியிருந்தால் மைக்ரோப்ளிட்டிஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவி அதற்குள் வளர்ந்து வெளியே வந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட புழுக்கள் நிறைய தென்படும் வயலில் மருந்தடிப்பது நமக்கு உதவும் குளவியைக் கொல்வதாகும்.

இலையின் பச்சையம் சுரண்டப்பட்டுச் சல்லடையாகி, அடியில் குஞ்சுப் புழுக்கள் கும்பலாக இருந்தால் அது புகையிலை வெட்டுப்புழு (ஸ்போடாப்டெரா லிட்டுரா). உழவர்கள் புரோடீனியா என்பதும் இதைத்தான். வளர்ந்தபின் பகலில் மண்ணில் பதுங்கிக்கொள்ளும். இலை அரிக்கப்பட்டிருந்தும் புழுவைக் காணோம் என்றால் டார்ச் விளக்குடன் இரவில் போய்ப் பார்க்க வேண்டும். காய்க்குலையில் எச்சமும் நூலும் பின்னிக் கிடந்தால் உள்ளே இருப்பது காய்த்துளைப்பான். கம்பளிப்புழுக்களை வெறுங்கையால் தொடக்கூடாது. மயிர் பட்ட இடம் தடித்து அரிக்கும்.

வெண்பொடி பூசினாற்போன்ற பருத்த புழு எரிப்பட்டுப்புழு. அது மனிதர் வளர்ப்பது. அசாமிய மொழியில் ஆமணக்கின் பெயரே அதற்கும் ஆனது. கிளைத்த முட்களுடன் இருப்பதோ அந்துப்பூச்சியே அல்ல, அரியாட்னே மெரியோன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் இருந்தால் மண் பரப்பிய டப்பாவில் ஆமணக்கு இலை போட்டு வளர்த்துப் பார்க்கலாம். வெளிவரும் பூச்சியின் கறுத்த பின்சிறகில் வெள்ளைப் பட்டையும் ஓரத்தில் மூன்று வெண்புள்ளிகளும் இருந்தால் வளர்த்தது காவடிப்புழுதான். எலுமிச்சை, சாத்துக்குடித் தோட்டங்களில் இரவில் பழத்தைக் குத்திச் சாறு உறிஞ்சுவதும் இதே பூச்சி. இலை கடித்த வாய் அதற்குள் ஊசியாகியிருக்கும்.