பால்வாடித் தராசு: பள்ளி புகுமுன் பிள்ளைகளைச் சோதிக்கும் முறை வளர்ந்த வரலாறு

தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூர், சுரண்டை வட்டாரத்தில் பலகையில் ‘அங்கன்வாடி’ என்று எழுதியிருந்தாலும் ஊர்வாயில் அது பால்வாடிதான். அங்கே வரும் கிராம சுகாதார செவிலியரும் ‘நர்சம்மா’தான். நியூசிலாந்தில் பள்ளி செல்லுமுன் நான்கு வயதுப் பிள்ளைகளைச் செவிலியர்கள் சோதிக்கும் திட்டம் 2008-இல் நாடு முழுவதும் வந்தது. நம்மிடம் அந்த வேலை பால்வாடித் திண்ணையில், வேறு வழியாக வளர்ந்தது. சோதனையில் கண்டதற்குரிய பதில் அதே திண்ணையில் கிடைத்த காலங்களில் அது பிள்ளைகளைக் காத்தது. பதில் தொலைவுக்குப் போன காலங்களில் பதிவேட்டில் தங்கிவிட்டது. இந்த வரலாற்றில் நான் காண்பது இதைத்தான்.

இந்தியாவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மருத்துவர் பார்த்தது முதலில் 1909-இல், பரோடா நகரப் பள்ளிகளில். ஆனால் பள்ளிக்கு வரும் வயதில் மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. இரண்டு வயதுக்குள் ஏற்பட்ட குறையை ஆறு வயதில் கண்டுபிடித்து ஆவதென்ன? சென்னை மாகாணத்தின் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் தாய் சேய் நலத்துக்கு ஓர் இடம் கொடுத்தது. பொதுச் சுகாதாரத்தை ஆராய்ந்த போர் (Bhore) குழு (1946), கர்த்தார் சிங் குழு (1973) ஆகியவற்றின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, பிரசவம் பார்க்கும் துணைச் செவிலியரின் பணி விரிந்து, ஊரின் எல்லாத் தாய்க்கும் பிள்ளைக்கும் பொறுப்பானவராக அவர் மாறினார். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோது, ஆறு வயதுக்குட்பட்டோரின் உடல்நலச் சோதனை அதன் ஆறு பணிகளில் ஒன்றாகச் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் உண்மையான திருப்பம் 1980-இல் நேர்ந்தது. உலக வங்கிக் கடனுதவியோடு அந்த ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தராசை நடுவில் வைத்தது. உத்திரத்தில் கொக்கி மாட்டிய சுருள்வில் தராசு. அதில் தொங்கும் துணிக் காற்சட்டைக்குள் பிள்ளையின் இரண்டு காலையும் நுழைத்துவிடுவார்கள். பிள்ளை வீறிட்டு அழுதபடி காலை உதைக்கும், முள் நடுங்கும். அது அடங்கும் ஒரு நொடியில் எடையைப் படித்து அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். நைஜீரிய கிராமங்களில் பணியாற்றிய டேவிட் மார்லி என்ற மருத்துவர் உருவாக்கிய வளர்ச்சி அட்டைதான் இதற்கு முன்மாதிரி. போன மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் இணைத்தால் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பது எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் விளங்கும்.

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாதாமாதம் எடை பார்த்தார்கள். கோடு படுத்த பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு. அதிலும் தேறாவிட்டால் செவிலியரிடம் அனுப்பினார்கள். தராசு சொன்னதும் மறுநாளே பதில் கிடைத்தது. ஊட்டச்சத்துத் திட்டங்களை ஆராய்ந்தவர்கள் உலகெங்கும் இதை எடுத்துக்காட்டியதற்குக் காரணம் இந்த இணைப்புதான் என்று கருதுகிறேன். ஆனால் எடை ஏறியதும் உணவை நிறுத்தியது தாய்க்குத் தண்டனைபோலப் பட்டிருக்கும். அந்தக் குறையும் மறைக்கத் தக்கதல்ல.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது முதல் கிராமப் பிள்ளைகள் எல்லோருக்கும் சோறு போட்டது. அது பெரும் அறம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையோ சோற்றுத் தட்டுக்கு வராது; அதைத் தேடிப்போக வேண்டிய பொறுப்பு தராசுக்கே இருந்தது.

அளவுகோலும் மாறியது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் புதிய வளர்ச்சித் தரத்தை வெளியிட்டது. அதற்காக அளக்கப்பட்ட ஆறு நாட்டுப் பிள்ளைகளில் டெல்லிப் பிள்ளைகளும் உண்டு. நம் பிள்ளைகள் பிறவியிலேயே சிறியவர்கள் என்ற சாக்குக்கு அதன்பின் இடமில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்த துயரத்துக்குப் பின், ஊருக்கே வந்து ஊசி போடும் வழக்கம் நின்று, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாறியது. பாதுகாப்பு கருதி எடுத்த முடிவுதான். எனினும் ஊசிநாள் என்பது நர்சம்மா பிள்ளையைக் கையில் வாங்கும் நாளும் ஆயிற்றே.

2013 பிப்ரவரியில் வந்த தேசிய சிறார் நலத்திட்டம் எடையைத் தாண்டியது. பிறவிக் குறை, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என்று 30 நிலைகளைத் தேடத் தொடங்கியது. ஆயுஷ் மருத்துவர் இருவர், மருந்தாளுநர், செவிலியர் கொண்ட நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை செல்ல வேண்டும் என்பது விதி. செவிலியர் கீழிமையை இழுத்துப் பார்ப்பார், பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நாலு அடி நடக்கச் சொல்வார். “இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாவளாம்” என்று தாய் சொல்வதையும் காதில் வாங்க வேண்டும். காது கேளாமை பல சமயம் அந்தச் சமாதானத்துக்குள்தான் ஒளிந்திருக்கும்.

குறை தெரிந்தால் அடுத்த சீட்டு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை வீரகேரளம்புதூர்க்காரர்களுக்கு மாவட்டத் தலைநகர் திருநெல்வேலி. இப்போது தொலைவு குறைந்திருக்கிறது. ஒரு நாள் கூலி இழப்பு குறையவில்லை. இந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிறவர்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அன்றைய கணக்கைக் கடையில் ஒப்படைக்காவிட்டால் காசில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை பஸ் ஏறு என்பது அவர்களிடம் மாதம் நான்கு நாள் கூலியைக் கேட்பது. அந்தத் தாயை ‘விழிப்புணர்வு இல்லாதவர்’ என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம்.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் எடை குறைந்த பிள்ளைகளை மருத்துவ முகாமில் பார்த்து, கடுமையான குறைபாடுடையோருக்குச் சிறப்பு உணவைக் கையில் கொடுக்கிறது. 1980-இன் வழிக்கு இது ஓரளவு திரும்புகிறது. எடைக்குக் கிடைத்த அந்த வசதி காதுக்கும் பேச்சுக்கும் நடைக்கும் வர வேண்டும். பயிற்சியாளர் சுரண்டைக்கோ வீரகேரளம்புதூருக்கோ வாரம் ஒரு நாள் வந்து உட்கார வேண்டும். ஆறு மாதம் கழித்து நடமாடும் குழு அதே பால்வாடிக்கு வரும்போது முதலில் தேட வேண்டியது, போன தடவை சீட்டு எழுதிக் கொடுத்த பிள்ளையை.